தமிழில் எழுதிய தொடரை எந்த விருதுக்கு அனுப்புவது?

கேள்வி:

வணக்கம் ஐயா. எனக்கு 27 வயது. சிங்கப்பூரில் ஒரு சிறிய தமிழ் இணைய இதழில் பகுதிநேர நிருபராக இருக்கிறேன். சென்ற ஆண்டு அக்டோபரில், தங்கும் விடுதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு வரும் கேட்டரிங் சாப்பாட்டைப் பற்றி நான்கு பகுதிகளாக ஒரு தொடர் எழுதினேன். ஒரு ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர் படம் எடுத்தார். தொடரை நிறையப் பேர் பகிர்ந்தார்கள். “இதை ஏதாவது விருதுக்கு அனுப்பும்மா” என்கிறார் ஆசிரியர். தேடிப் பார்த்தால் எல்லாமே ஆங்கிலமாக இருக்கிறது, கட்டணம் வேறு கேட்கிறார்கள். தமிழ்ப் படைப்புக்கு எங்காவது இடம் உண்டா? அனுப்ப வேண்டிய சுருக்கத்தை முதலில் தமிழில் எழுதிப் பார்த்து இணைத்திருக்கிறேன். அப்புறம் இன்னொன்று. அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், “நாமே போய் விருது கேட்கிறதா, அசிங்கமா இல்லையா?” என்கிறார். அவர் சொல்வது சரியா?
— பெயர் வெளியிட வேண்டாம், சிராங்கூன்

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அது மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தால் படிவத்தை நீங்கள் பாதியிலேயே மூடிவிடுவீர்கள்.

பத்திரிகைத் துறை விருதுகளில் பெரும்பாலானவை விண்ணப்பித்துப் பெறுபவைதான். அமெரிக்காவில் 1917 முதல் வழங்கப்படும் புலிட்சர் பரிசுக்கு நியூயார்க் டைம்ஸாக இருந்தாலும் படிவம் நிரப்ப வேண்டும், ஒரு படைப்புக்கு 75 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். எந்த நடுவரும் ஊரிலுள்ள பத்திரிகைகளை எல்லாம் படித்து, நல்லதைப் பொறுக்கி எடுத்து, நம் வீட்டைத் தேடி வருவதில்லை. மகசேசே விருது, நோபல் பரிசு போன்றவை வேறு வகை. அவற்றுக்கு நாமே மனு போட முடியாது. தகுதியுள்ள வேறொருவர் பரிந்துரைக்க வேண்டும். இந்தியப் பத்திரிகையாளர் சாய்நாத்துக்கு 2007இல் மகசேசே விருதும் பிலிப்பீன்ஸ் பத்திரிகையாளர் மரியா ரெஸ்ஸாவுக்கு 2021இல் அமைதிக்கான நோபல் பரிசும் அந்த வழியில் வந்தவை. உங்கள் மூத்தவர் எல்லா விருதுகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார் போலிருக்கிறது. பொன்னாடை போர்த்திக்கொள்ள மேடையேறக் கூச்சப்படாத நம் ஆட்கள், ஒரு படிவம் நிரப்ப மட்டும் இவ்வளவு கூச்சப்படுவது எனக்கு எப்போதுமே வேடிக்கைதான்.

தமிழ்ச் செய்தியாளருக்கு இதில் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. ஒரு நல்ல தொடர் ஆங்கிலத்தில் வந்தால் மறுநாளே மற்ற செய்தி அறைகளில் அதைப் பற்றிப் பேசுவார்கள். தமிழில் வந்தால் தமிழ் படிப்பவர்கள் வாட்ஸ்அப்பில் பகிர்வார்கள், அதோடு அடங்கிவிடும். விடுதி ஊழியர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் பல நேரம் அவர்களோடு தமிழில் பேசும் நிருபர்கள்தாம். ஆனால் அந்த வேலை நடந்திருக்கிறது என்பதே பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியாது. விருதுக் குழு வெளியிடும் இறுதிப் பட்டியலில் ஒரு வரி வந்தால் போதும், தெரியவேண்டியவர்களுக்குத் தெரிந்துவிடும். கோப்பை கிடைக்காவிட்டாலும் அந்தப் பயன் உண்டு.

சரி, எங்கே அனுப்புவது?

இந்த வட்டாரத்தில் எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் சோப்பா. சோப்பா எனப்படும் ஆசியப் பதிப்பாளர் சங்கம் ஹாங்காங்கில் 1982இல் தொடங்கியது; 1999 முதல் விருது கொடுக்கிறது. ஆய்வுச் செய்தி, மனித உரிமை, பெண்கள் பிரச்சினை, இளம் செய்தியாளர் என்று பல பிரிவுகள் இருக்கின்றன. உலகளாவிய நிறுவனங்களையும் வட்டார, உள்ளூர் நிறுவனங்களையும் தனித்தனிக் குழுவாகப் பிரித்துப் பார்ப்பதால், சிறிய இதழ் நேராக ராய்ட்டர்ஸோடு மோத வேண்டியதில்லை. ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் நெடுநாளாக இடம் உண்டு, பிறகு இந்தோனேசிய மொழியும் சேர்ந்தது. தமிழ் இல்லை. மொழிபெயர்ப்பை இணைத்து அனுப்பலாமே என்று தோன்றும். அவர்கள் பார்ப்பது படைப்பு எந்த மொழியில் வெளியானது என்பதை. உங்கள் தொடர் தமிழில் மட்டுமே வந்திருப்பதால் இந்தக் கதவு இப்போதைக்கு மூடியிருக்கிறது.

இப்போதைக்கு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த தொடரை எழுதும்போது ஆங்கிலத்தில் எழுதும் ஓர் உள்ளூர் இதழோடு முன்கூட்டியே பேசி, இரண்டு மொழிகளிலும் ஒரே வாரத்தில் வெளியாகுமாறு செய்யுங்கள். உங்களுக்கு விடுதிக்குள் ஆட்களைத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் ஆங்கில எடிட்டர் இருக்கிறார், உங்களிடம் இல்லை. இது இரு தரப்புக்கும் லாபம். ஆங்கில வடிவம் உங்கள் பெயரோடு வெளியாகிவிட்டால் சோப்பாவில் நுழையலாம். ஹாங்காங் வெளிநாட்டுச் செய்தியாளர் மன்றம் 2022இல் நிறுத்திவைத்து, பிறகு அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பும் எடுத்து நடத்தும் மனித உரிமைப் பத்திரிகை விருதுகளிலும் ஆங்கிலமும் சீனமும்தான் செல்லுபடியாகும் என்பதால், அங்கேயும் இதே வழி உதவும்.

வெளியாகிவிட்ட தொடருக்கு என்ன வழி? உங்கள் பொருளுக்கு மிகப் பொருத்தமாக எனக்குத் தோன்றுவது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, தொழிலாளர் புலம்பெயர்வு பற்றிய செய்திகளுக்காக 2015இலிருந்து அவ்வப்போது நடத்திவரும் ஊடகப் போட்டி. வேற்று மொழிப் படைப்புகளை மொழிபெயர்ப்போடு ஏற்றுக்கொண்ட சுற்றுகள் அதில் உண்டு. ஆண்டுதோறும் தவறாமல் நடப்பதில்லை. அறிவிப்பு வரும்போது விதிகளைப் பார்த்து அனுப்புங்கள். பொட்டலங்களில் ஒட்டியிருந்த நேரங்களை எல்லாம் குறித்துவைத்ததாகத் தொடரில் சொல்லியிருக்கிறீர்கள். அதை வைத்து, தரவுச் செய்திகளுக்கான சிக்மா விருதுகள் வரை போகலாமே என்று யாராவது சொல்லக்கூடும். அதற்குக் கட்டணம் இல்லை, படைப்பு வேறு மொழியில் இருப்பதும் தடையில்லை. ஆனாலும் உங்கள் பட்டியல் இன்னும் நிருபரின் குறிப்பேடாகத்தான் இருக்கிறது. தொடரின் முதுகெலும்பே தரவாக இருக்கும் படைப்புகளோடு அது நிற்காது. ஆசையைக் கிளப்பிவிட்டு உங்கள் ஒரு வாரத்தை வீணாக்க நான் விரும்பவில்லை.

வயது 27 என்பதால் தாம்சன் அறக்கட்டளையின் இளம் செய்தியாளர் விருது கண்ணில் பட்டிருக்கும். 30 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் தலைக்கு வருமானம் 20,000 அமெரிக்க டாலருக்குக் குறைவாக உள்ள நாடுகளுக்குத்தான் அது. சிங்கப்பூர் அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது. சியாரா லியோனில் 2000இல் கொல்லப்பட்ட ராய்ட்டர்ஸ் நிருபர் கர்ட் ஷோர்க் பெயரிலான விருதில், உள்ளூர் நிருபர் பிரிவு வளரும் நாடுகளில் இருப்பவர்களுக்கானது. இந்தியாவின் ராம்நாத் கோயங்கா விருதுகளில் வட்டார மொழிகளுக்கு இடம் இருந்தாலும், அது இந்திய ஊடகங்களில் வெளியானவற்றுக்கு. தமிழ் என்பதால் சென்னையிலிருந்து யாராவது அதைச் சிபாரிசு செய்தால் ஏமாந்துவிடாதீர்கள். காணொளி, தொலைக்காட்சி என்று போனால் 1996இல் தொடங்கிய ஆசியத் தொலைக்காட்சி விருதுகளும், 2018இலிருந்து சிங்கப்பூரில் நடக்கும் ஆசிய அகாடமி படைப்பாக்க விருதுகளும் செய்திப் பிரிவுகளோடு இருக்கின்றன. அவை பெரும்பாலும் நிறுவனங்கள் ஆடும் களம்.

எரிச்சலூட்டும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். காமன்வெல்த் சிறுகதைப் போட்டி தமிழ்க் கதையைத் தமிழிலேயே ஏற்கிறது. நம் தேசியக் கலைகள் மன்றத்தின் தங்க முனை விருதில் நான்கு மொழிகளுக்கும் இடம் உண்டு. அதாவது லாரி டிரைவரைப் பற்றிக் கற்பனையாக எழுதினால் தமிழில் அனுப்பலாம், உண்மையாக எழுதினால் மொழிபெயர்க்க வேண்டும்! போகட்டும். இதில் உங்களுக்கு ஒரு வழி ஒளிந்திருக்கிறது. சிங்கப்பூர் இலக்கியப் பரிசில் தமிழ்ப் புனைவல்லாத படைப்புக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அது புத்தகங்களுக்கானது. உங்கள் நான்கு பகுதிகள் நாளைக்கு ஒரு நூலாக வளர்ந்தால், தமிழ் படிக்கத் தெரிந்த நடுவர்களே நேரடியாகப் படிப்பார்கள்.

இனி சுருக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். நடுவர் முதலில் படிப்பது சுருக்கத்தை. மொழி தெரியாத நடுவர் என்றால் கடைசி வரையில் அவர் கையில் பிடித்துக்கொள்ளக் கிடைப்பதும் அதுவே. நடுவராக உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அடுக்கடுக்காக வந்த படைப்புகளில் இருபதாவதைத் திறக்கும் ஆள் என்று அவரை நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டவர் இல்லை, களைத்திருப்பவர்.

நீங்கள் இப்படித் தொடங்கியிருக்கிறீர்கள்: “சிங்கப்பூரின் வானளாவிய கட்டடங்களுக்குப் பின்னால் எண்ணற்ற வெளிநாட்டு ஊழியர்களின் வியர்வை இருக்கிறது. அவர்களின் உணவு குறித்த விழிப்புணர்வை ஏற்படுத்தும் உன்னத நோக்கத்தோடு எழுதப்பட்டதே இத்தொடர்.” இந்த இரண்டு வாக்கியங்களையும் தூக்கிவிடுங்கள். முதல் வாக்கியத்தை அந்த நடுவர் அன்று மாலையே வேறு நான்கு விண்ணப்பங்களில் படித்திருப்பார். இரண்டாவதில் உங்கள் நோக்கம் இருக்கிறது, செய்தி இல்லை.

செய்தி எங்கே இருக்கிறது தெரியுமா? உங்கள் சுருக்கத்தின் கடைசிப் பத்தியில், போகிற போக்கில், “அதிகாலை சாப்பாட்டு லாரியில் பயணம் செய்தும் தகவல் திரட்டப்பட்டது” என்று ஒரு வரி. அம்மா, அதுதான் உங்கள் தொடரே! அதை மேலே தூக்குங்கள். நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்:

“துவாஸில் ஒரு கட்டுமானத் தளத்தில் நண்பகல் 12 மணிக்கு ஊழியர்கள் பிரித்துச் சாப்பிடும் சோற்றுப் பொட்டலம் அன்று அதிகாலை 2.30 மணிக்குக் கட்டப்பட்டது. சமைத்த 4 மணி நேரத்துக்குள் சாப்பிடவும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. எங்கள் நிருபர் சமையற்கூடத்திலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து வேலைத்தளத்துக்கும் அந்தப் பொட்டலத்தோடு கூடவே போனார். காலை உணவும் மதிய உணவும் ஏன் ஒரே நடையில் வந்து சேர்கின்றன என்பதைச் சமையற்காரர், லாரி ஓட்டுநர், முதலாளி, ஊழியர் என நான்கு பேரின் கணக்கு வழியாக இந்தத் தொடர் காட்டுகிறது.”

இதில் இருப்பவை எல்லாம் உங்கள் தொடரில் நீங்களே எழுதியவை. நான் வரிசையைத்தான் மாற்றினேன். நேரம், இடம், பொருள் மூன்றும் முதல் வரியிலேயே வந்துவிட்டதால், துவாஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாத நடுவருக்கும் ஒன்பதரை மணி நேரம் பொட்டலத்துக்குள் கிடந்த சோற்றின் மணம் மூக்கில் ஏறிவிடும். “அதிர்ச்சி தரும்”, “நெஞ்சை உருக்கும்”, “முதன்முறையாக” போன்ற சொற்கள் வேண்டாம். கடைசியாகச் சொன்னதை நிரூபிக்கச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்து, சிங்கப்பூருக்கு வெளியே இருப்பவருக்குத் தெரியாத இரண்டு விவரங்களை ஒவ்வொரு வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள். ஒன்று, ஊழியரின் வேலை அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. அதனால் சாப்பாட்டைப் பற்றிப் புகார் சொல்வதுகூட அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. இரண்டு, பெரும்பாலான விடுதிகளில் சமைக்க வசதி இருந்தாலும், 12 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருபவருக்குச் சமைக்கத் தெம்பு இருக்காது. இவை இரண்டும் நம் வாசகருக்குத் தெரியும் என்பதால் தொடரில் நீங்கள் எழுதவே இல்லை. அதில் தவறில்லை. ஆனால் சுருக்கத்தைப் படிப்பவர் நம் வாசகர் இல்லையே.

பல படிவங்களில் “தாக்கம் என்ன?” என்று ஒரு பெட்டி இருக்கும். நிறையப் பேர் கதைவிடும் இடம் அது. தொடர் வந்த பிறகு ஓர் உணவு நிறுவனம் மதியச் சாப்பாட்டைத் தனி நடையாக அனுப்பத் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தொடரால்தான் என்று அந்த நிறுவனமே சொன்னதா? சொல்லியிருந்தால் யார், எப்போது சொன்னார் என்று எழுதுங்கள். சொல்லவில்லை என்றால், “தொடர் வெளியான பிறகு” என்பதோடு நிறுத்துங்கள். அமைச்சு ஏற்கெனவே பரிசீலித்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்துக்கு நாம் மாலை போட்டுக்கொள்ளக் கூடாது. பெரிய தாக்கம் எதுவும் இல்லையென்றால் அந்தப் பெட்டியில் இரண்டு வரி போதும். நல்ல நடுவர் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்.

மொழிபெயர்ப்புக்கு ஒரே விதிதான்: வெளியானது எதுவோ அதுவே ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழில் விட்டுப்போன ஒரு தகவலை ஆங்கிலத்தில் நைசாகச் சேர்ப்பது, நீண்ட பத்தியைச் சுருக்குவது, ஊழியர் கொச்சையாகச் சொன்னதைப் பேராசிரியர் பேச்சாக மெருகேற்றுவது, எதுவும் கூடாது. தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு மூலத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்ல எந்த நடுவர் குழுவாலும் முடியும். முதல் வரைவுக்கு இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துங்கள், தப்பில்லை, போட்டி விதி அனுமதித்தால். பிறகு இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் வரிவரியாகப் பார்க்கட்டும். முறைப் பெயரையும் ஊர்ப் பெயரையும் மனிதர் பெயராக்கிவிடும் கூத்து அதில் அடிக்கடி நடக்கும்.

சரிபார்ப்பு என்றதும் ஒரு பழைய கதை. 1981இல் வாஷிங்டன் போஸ்ட்டின் ஜேனட் குக், ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் புலிட்சர் கிடைத்தது. அப்படி ஒரு சிறுவனே இல்லை என்று பிறகு தெரிந்து, பத்திரிகை பரிசைத் திருப்பிக் கொடுத்தது. குட்டு எப்படி வெளிப்பட்டது என்பதுதான் நமக்கு முக்கியம். பரிசு அறிவித்ததும் வெளியான அவருடைய தன்விவரத்தில் படிப்பைப் பற்றிய தகவல்கள் பொய்யாக இருந்தன. அவர் முன்பு வேலை பார்த்த பத்திரிகைக்காரர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள். நூலைப் பிடித்து இழுத்ததும் மொத்தமும் அவிழ்ந்துவிட்டது. ஜெர்மனியின் டெர் ஸ்பீகல் நிருபர் கிளாஸ் ரெலோட்டியஸ் 2018இல் மாட்டியபோது அவர் வீட்டில் விருதுகள் வரிசையாக இருந்தன. ஆகவே இப்போதெல்லாம் நடுவர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். உங்கள் குறிப்பேடு, ஒலிப்பதிவு, பொட்டலத்தின் படம், முதலாளிகளுக்குப் பதில் கேட்டு அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவற்றை ஒரே கோப்புறையில் போட்டுவையுங்கள். யாராவது மறுப்புத் தெரிவித்திருந்தால், திருத்தம் போட்டிருந்தால், அதையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். புலிட்சர் விதியில் இது எழுதியே இருக்கிறது. மற்ற போட்டிகள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். இரண்டாம் பகுதியில் ஓர் எண்ணைத் திருத்தியதாக அடிக்குறிப்பு இருப்பதைப் பார்த்தேன். அதை மறைக்கவேண்டாம்.

ஆனால் அந்தக் கோப்புறை அப்படியே வெளியே போகக் கூடாது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தொடரில் மூன்று ஊழியர்களின் பெயரை மாற்றியிருக்கிறீர்கள். விண்ணப்பத்தோடு போகும் ஆதாரத்தில் அவர்களுடைய உண்மைப் பெயர், விடுதியின் அறை எண், முகம் தெரியும் மூலப் படம், வாட்ஸ்அப் உரையாடல் எதுவும் இருக்கக் கூடாது. அந்த இணையப் படிவத்தை எத்தனை பேர் திறப்பார்கள், அந்தக் கோப்பு எத்தனை ஆண்டு எங்கே கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பெயரை மறைத்தேன் என்று பிடிஎஃபில் கறுப்புக் கட்டம் மட்டும் போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. கட்டத்துக்கு அடியில் இருக்கும் எழுத்தை நகலெடுத்து ஒட்டினால் பெயர் வந்து நிற்கும். மறைத்த பக்கத்தை அச்செடுத்து, மறுபடி ஸ்கேன் செய்து அனுப்புங்கள். நடுவர் குழு அடையாளத்தைச் சரிபார்த்தே ஆகவேண்டும் என்றால், உங்கள் ஆசிரியர் தாம் பார்த்து உறுதிசெய்ததாகக் கடிதம் கொடுக்கட்டும். அதுவும் போதாது என்றால் அந்தப் போட்டியை விட்டுவிடுங்கள்.

ஏபி செய்தி நிறுவனத்தின் நான்கு பெண் நிருபர்கள், இந்தோனேசியாவின் பென்ஜினா தீவில் அடிமைகளாகக் கிடந்த மீன்பிடித் தொழிலாளர்களைப் பற்றி 2015இல் எழுதினார்கள். கூண்டில் அடைபட்ட ஆட்களைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களிடம் பேசிய ஆட்கள் தீவிலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவரப்படும் வரை செய்தியை வெளியிடாமல் காத்திருந்தார்கள். பிறகு 2,000க்கும் மேற்பட்டோர் விடுதலையானார்கள். மறு ஆண்டு பொதுச்சேவைக்கான புலிட்சர் தங்கப் பதக்கம் அந்தச் செய்திக்குக் கிடைத்தது. காத்திருந்ததால் செய்தியின் மதிப்பு ஒன்றும் குறையவில்லை.

உங்கள் தொடரில் முகம் காட்டியே படம் எடுத்துக்கொள்ளச் சம்மதித்த ஓட்டுநர் ஒருவர் இருக்கிறாரே, அவருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். ஒரு தமிழ் இணையப் பக்கத்தில் வருவதற்குத்தான் அவர் சம்மதித்தார். வேற்று நாட்டில் மேடைத் திரையில் ஓடுவதற்கும், விருதுக் குழுவின் விளம்பரத்தில் வருவதற்கும் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

புகைப்படக்காரரையும் மறந்துவிடாதீர்கள். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, நாம் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமாக இருந்தாலும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் உரிமை எடுத்தவருக்குத்தான். கட்டுரை விஷயம் வேறு: சம்பளத்துக்கு எழுதியது பொதுவாக நிறுவனத்தின் சொத்து. நீங்கள் பகுதிநேரம் என்பதால் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். ஆசிரியரிடம் அனுமதியையும், புகைப்படக்காரரிடம் சம்மதத்தையும் மின்னஞ்சலில் வாங்கிவையுங்கள். படைப்பாளர் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரும் வரவேண்டும். அவர் தனியாக உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டிக்கு அனுப்ப நினைத்தால் ஊக்கப்படுத்துங்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து 1955 முதல் நடக்கிறது, கட்டணம் கிடையாது. படத்துக்கு மொழிப் பிரச்சினையும் குறைவு, விளக்கக் குறிப்பு மட்டும் ஆங்கிலத்தில் வேண்டும். இறுதிக்கு வந்தால் கேமராவின் மூலக் கோப்பைக் கேட்பார்கள். குறிப்பில் இடத்தின் பெயர்கூடச் சரியாக இருக்க வேண்டும். 2015இல் பெல்ஜியத்தின் சார்லரோய் நகரைப் பற்றிய ஒரு படத்தொடருக்குக் கொடுத்த முதல் பரிசை, அதில் ஒரு படம் பிரஸ்ஸல்ஸில் எடுக்கப்பட்டது என்று தெரிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

கட்டணத்தைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. கட்டணம் இருப்பதாலேயே ஒரு விருது மோசமாகிவிடாது. நிர்வாகச் செலவு இருக்கிறது. ஆனால் அதை உங்கள் கைக்காசிலிருந்து கட்டாதீர்கள். அனுப்பச் சொன்னவர் ஆசிரியர், இதழ் கட்டட்டும். முடியாது என்றால் கட்டணமில்லாத போட்டிகளுக்கு மட்டும் அனுப்புங்கள். “வாழ்த்துகள், நீங்கள் தேர்வு பெற்றுவிட்டீர்கள், கோப்பைக்கும் விருந்து மேசைக்கும் இவ்வளவு வெள்ளி அனுப்பவும்” என்று நீங்கள் விண்ணப்பிக்காமலே கடிதம் வந்தால் அதை நேராகக் குப்பையில் போடுங்கள். உணவு நிறுவனங்களின் சங்கமோ விடுதி நடத்துபவர்களோ ஊடக விருது ஒன்று அறிவித்தால், பணம் நல்ல தொகையாக இருந்தாலும் நீங்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம். அடுத்த செய்திக்கு அவர்களிடமேதான் பதில் கேட்டுப் போய் நிற்க வேண்டியிருக்கும்.

நாள் கணக்கு: பெரும்பாலான போட்டிகள் முந்தைய காலண்டர் ஆண்டில் வெளியானதைத்தான் கேட்கின்றன, ஆண்டின் முதல் சில மாதங்களில் வாங்கி முடித்துவிடுகின்றன. அக்டோபர்த் தொடர் என்பதால் உங்களுக்கு வசதிதான். ஆனால் தைப்பூசம், சீனப் புத்தாண்டு என்று செய்தி அறையே ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில்தான் கடைசித் தேதிகளும் வரும். நாலு பகுதி மொழிபெயர்ப்பை ஒரே வாரயிறுதியில் முடிக்க முடியாது. உங்கள் இதழின் பக்கங்கள் சந்தா கட்டினால்தான் திறக்கும் என்றால், நடுவருக்காகத் திறந்த இணைப்பையும், வெளியான தேதி தெரியும்படி பிடிஎஃப் நகலையும் இப்போதே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இணையதளத்தை மாற்றும்போது பழைய இணைப்புகள் செத்துப்போவது நம்மூரில் வாடிக்கை.

அனுப்பிய பிறகு, “விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட செய்தியாளர்” என்று லிங்க்ட்இன்னில் போட்டுக்கொள்ளத் தோன்றும். போடாதீர்கள். விண்ணப்பித்தவர் விண்ணப்பதாரர் மட்டுமே. நடுவர் குழு இறுதிப் பட்டியலை அறிவித்த பிறகுதான் அந்தச் சொல் உங்களுக்குச் சொந்தம். புலிட்சர்காரர்களும் இதை வெளிப்படையாகவே சொல்லிவைத்திருக்கிறார்கள்.

சுருக்கத்தைத் திருத்தி எழுதியதும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஒரு பக்கத்தைத் தாண்டினால் படிக்க மாட்டேன். லாரி முதல் வரியில் இருக்க வேண்டும்.